மடக்குக் குதிரை ஒரு சோடி

பலகையை அறுக்கவும் சீவவும் அதன் இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு தாங்கி வேண்டும். நாலு கால், மேலே ஒரு சட்டம், அவ்வளவுதான். கடைக்காரர்கள் அதை ஸ்டாண்ட் என்பார்கள், நான் குதிரை என்பேன். வாழ்க்கையில் அதிகம் யோசித்து வாங்கிய சாமான் எது என்று யாராவது என்னிடம் கேட்டால், மோட்டார் சைக்கிள் என்றோ கைத்தொலைபேசி என்றோ சொல்லமாட்டேன். மடக்கி வைக்கக்கூடிய இரும்புக் குதிரை ஒரு சோடி என்றுதான் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சோடி சரியாக அமையாவிட்டால் வீட்டைச் சுற்றிய என் வளவுக்குள் எனக்குத் தொழில் இல்லை என்ற நிலைமை அப்போது.

என் வளவு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வளவு மனைவியுடையது. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் எங்கள் முஸ்லிம் ஆட்களின் முறை அதுதான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். அங்கே ஒரு மகள் வளர்ந்து அவளுக்கும் கலியாணம் என்று வந்தால் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்பக்கத்து அறைக்கு நகர்வார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல முறை. பெண்பிள்ளையை யாரும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. ஆனால் என்னைப் போன்ற ஓடாவி ஒருவனுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதவும் நிலையும் யன்னலும் செய்கிறவனுடைய வேலைமேசை யாருடைய நிலத்தில் நிற்பது?

என் மேசை மதிலோரம் தகரக் கொட்டிலுக்குக் கீழே நின்றது. முதிரை மரம். கால்களைச் சீமெந்தில் புதைத்திருந்தேன். யாராலும் அசைக்க முடியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்த கிழமையே மனைவி அசைத்துவிட்டாள்.

"இந்த மேசைய எடுத்துத்தான் ஆகணும். அதிலதான் புது அறை வரப்போகுது," என்றாள்.

"எடுத்தா நான் எங்க வேல செய்ற?"

"அது ஒங்களுக்குத்தான் தெரியும். மருமகன் வாற நேரம் வளவெல்லாம் மரத்தூளாக் கிடந்தா மனிசன் என்ன நெனப்பார்?"

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். நியாயத்தைச் சாதாரணக் குரலில் சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் பக்கம் வளவுகள் எவ்வளவு சின்னவை என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டு யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குழம்பு மணக்கும். புது அறைக்கு அந்த மூலையை விட்டால் வேறு மூலை இல்லை.

கல்முனை பஸாரில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்திருக்கலாம். நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். சில பேர், "இனி மருமகன் வாறார், நீங்க பள்ளிக்குத் தொழப் போய் வந்து ஆறுதலா இரிங்க" என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு நான் பிளேன்டீகூட ஊற்றிக் கொடுக்கவில்லை. கையில் பலம் இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, நாவிதன்வெளியில் ஒரு பெரிய வீட்டுக்கு எல்லாக் கதவும் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆறுதலாக இருப்பதாம். காலையில் விரிந்து பின்னேரம் காணாமல் போகிற ஒரு பட்டறையை வளவுக்குள்ளேயே உண்டாக்குவேன் என்று முடிவெடுத்தேன். யாருக்கும் குறை சொல்ல வாய் இருக்கக்கூடாது. அதற்கு முதலில் வேண்டியது மடக்குக் குதிரை.

பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் மூன்று நாலு வகை இருந்தன. பிளாஸ்டிக்கில் இருந்ததைக் கையில் எடுத்ததுமே வைத்துவிட்டேன். எங்கள் வெயிலில் ஒரு வருஷம் நின்றால் பிளாஸ்டிக் கதிரையே காலை விரித்துக்கொண்டு படுத்துவிடுகிறது, ஏழடிக் கதவை அது எங்கே தாங்கப்போகிறது? அலுமினியம் நல்லது, கறள் பிடிக்காது. ஆனால் சீவுளியைத் தள்ளுகிற தள்ளலுக்கு அது தானும் சேர்ந்து நடக்கும். பாரமில்லாத குதிரை வேலைக்கு ஆகாது. கடைசியில் இரும்புக் குழாயில் செய்த ஒரு சோடி எனக்குப் பிடித்துப்போனது. விரித்தேன், ஆட்டினேன், மேலே உட்கார்ந்தேன், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியே நின்றேன். கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். அது ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கும்படி வளவின் நடுவில் விரித்து, ஒரு முதிரைக் கதவைத் தூக்கி மேலே வைத்தேன். சீவுளியை எடுத்து முதல் தள்ளுத் தள்ளினேன். ஒரு கால் மணலுக்குள் போனது. இரண்டாவது தள்ளில் அடுத்த கால். மூன்றாவதைத் தள்ளுவதற்குள் கதவு ஒரு பக்கம் சாய்ந்து, பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கிய ஓட்டோ மாதிரி நின்றது. குழாயின் வாய் வட்டமாக, கூராக, மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்குவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது.

மனைவி அடுப்படி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "சாயுதே," என்றாள். அதற்கே எனக்குக் காது சூடானது.

எனக்கு என்மேல்தான் ஆத்திரம். கடற்கரையில் பிறந்து மணலில் விழுந்து எழும்பி வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினாலும் மணல்தான். ஆனால் வீட்டுக்குள் டைல்ஸ், பள்ளியில் டைல்ஸ், கடைக்குள் டைல்ஸ் என்று போட்டுப் போட்டு, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. ஒரு வன்னிக்காரன் இந்தப் பிழையை விட்டால் மன்னிக்கலாம், அவன் நிலம் இறுகல். பளபளவென்ற தரையில் ஏறி நின்று பார்த்துவிட்டு மணலுக்குச் சாமான் வாங்குகிற புத்தி எங்கள் கரை ஆட்களுக்குத்தான் வரும்.

வளவுக்குச் சீமெந்து போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மாரி மழையில் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறாமல் காப்பாற்றுவதே அந்த மணல்தான், வந்த மழையை நின்ற இடத்திலேயே குடித்துவிடும். அதுமட்டுமல்ல, மணலை விளக்குமாற்றால் கீறு கீறாகப் பெருக்கி வைத்திருப்பது மனைவிக்கு ஒரு மரியாதை. அதில் கைவைக்க நான் தயாரில்லை.

அடுத்த நாள் அரிசி பேக் ஒன்றில் பாதிக்கு மணலை அள்ளிக் கட்டி, குதிரைகளோடு அதையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், என்னை நன்றாகத் தெரியும். மூட்டையைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"ஓடாவியார், இது என்ன மூட்டை?"

"எங்கட ஊட்டு மண்."

"மண்ண என்னத்துக்குக் கடைக்குக் கொண்டுவாறீங்க?"

"குதிரை நிக்கப்போற இடம் இதுதானே. ஒங்கட டைல்ஸ்ல இல்லையே."

அவர் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தார், ஒரு தரம் மூட்டையைப் பார்த்தார். பிறகு பெரிய கார்ட்போட் மட்டை ஒன்றை எடுத்துக் கடை வாசலில் விரித்து, "உள்ளுக்க மட்டும் கொட்டிராதீங்க" என்றார். நான் கொட்டினேன். கடையில் இருந்த ஒவ்வொரு வகையையும் ஒவ்வொன்றாக அந்த மணலில் நிறுத்தி, மேலே என் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். பெயின்ட் வாங்க வந்தவர், கயிறு வாங்க வந்தவர் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர், "காலுக்குச் செருப்பு வாங்கிப் போட்டு விடுங்க" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். முன்கால் இரண்டையும் சேர்த்துக் கீழே ஒரு அகல இரும்புப் பட்டை, பின்கால் இரண்டையும் சேர்த்து இன்னொரு பட்டை, அப்படியொரு சோடி மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. அதை மணலில் நிறுத்தினேன். ஒரு விரல் அளவு அமர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் ஏறினேன். அப்போதும் நின்றது. இந்தத் தரம் கூட்டத்தைப் பார்த்து நானே சிரித்தேன். பழைய சோடியைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன்.

குதிரை வாங்க நினைக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். காலைப் பார்த்த பிறகு பூட்டைப் பாருங்கள். இரண்டு பக்கக் காலும் அகன்று போகாமல் பிடிக்கச் சில குதிரைகளில் சங்கிலி இருக்கும், அதை நம்பாதீர்கள். சங்கிலி இழுக்கும்போது மட்டும்தான் பிடிக்கும், உள்ளே தள்ளினால் விட்டுக்கொடுத்துவிடும். நேரான இரும்புச் சட்டம் டக்கென்று விழுந்து பூட்டுகிற வகைதான் நல்லது. அடுத்தது கால்கள் மடங்குகிற பிணைச்சல். எங்கள் உப்புக்காற்றுக்கு முதலில் இரையாவது அதுதான். பெயின்டுக்கு மயங்காமல் துத்தநாகம் பூசியதா என்று சுரண்டிப் பார்த்து எடுத்து, மாதம் ஒரு தரமாவது கிறீஸ் போடவேண்டும். உயரம், கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டுக்கு வரவேண்டும். அதற்குக் கூடினால் தோள் நோகும், குறைந்தால் இடுப்பில் நாரி முறியும். மேலே இரும்புச் சட்டம் வெறுமையாக இருந்தால் வாளின் பல் ஒருநாள் அதில் போய் விழும், ஆகவே ஒரு மரச் சட்டத்தைத் திருகாணி போட்டு அதன்மேல் ஏற்றிவிடுங்கள். இதெல்லாம் சரியாக அமைந்து, ஒரு கையால் தூக்கவும் முடிந்தால் விடாதீர்கள்.

மேசையை உடைத்த நாள் நான் வீட்டில் நிற்கவில்லை, நாவிதன்வெளிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். கவலையாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நாள் காலை குதிரைகளை விரித்துக் கதவை மேலே போட்டதும் கவலை போய்விட்டது. வேலை ஓடியது. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னால் வாளையும் சீவுளியையும் பெட்டிக்குள் வைத்து, குதிரைகளை மடக்கி, குசினிக்குப் பின்னால் சுவரில் அடித்த கொளுக்கிகளில் மாட்டி, மரத்தூளைக் கூட்டி அள்ளி, மணலைக் கீறு கீறாகப் பெருக்கியும் விடுவேன். பின்னேரம் வருகிறவர்கள் இது ஓடாவி வீடு என்று கண்டுபிடிக்க முடியாது. பந்தயம் கட்டினாலும் முடியாது.

கலியாணத்துக்கு அந்தக் குதிரைகளைப் பெண்கள் என்னிடம் கேட்காமலே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கதவை மேலே போட்டு, அதில் வட்டிலப்பக் கிண்ணங்களை இடம் விடாமல் அடுக்கி, சஹன் தட்டுகளையும் அதன் மேலேயே வைத்துச் சோறு போட்டார்கள். ஒரு கிண்ணம்கூடச் சரியவில்லை. நிக்காஹ் நடந்த வீட்டில் வந்த ஆட்களைக் கவனிப்பதை விட்டுவிட்டு நான் குசினிப் பக்கம் நின்று குதிரையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மச்சினி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

மருமகன் நல்ல பிள்ளை. மருதமுனைப் பக்கம். ஒலுவில் துறைமுகத்துக்கு வருகிற படகுகளுக்கு எஞ்சின் திருத்துகிறவர். குரல் வெளியில் வராது. காலையில் போவார், பகலில் வந்து குளித்துச் சாப்பிட்டு முன் ஹோலில் கதிரை நுனியில் இருப்பார். நான் அந்தப் பக்கம் போனால் எழும்பி நிற்பார். "இரிங்க மருமகன்" என்றால் இருப்பார், மறுபடி போனால் மறுபடி எழும்புவார். புதுசில் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பின்னேரமானதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் வருவார். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை, மாதம் கடந்தும் அதே நடப்புத்தான். எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மாப்பிள்ளை உம்மா வீட்டிலேயே கிடக்கிறார் என்றால், பெண் வீட்டில் அவருக்கு என்னவோ குறை என்றுதான் சனம் எடுக்கும்.

"மகளுக்கும் ஒண்டும் சொல்றார் இல்லையாம்," என்றாள் மனைவி. "கேட்டா சும்மாதான் போறன் எண்டுறாராம். அவள்ட மொகத்தப் பாத்தீங்களா?"

பார்த்தேன். மகள் சமையல் வேலையில் இருந்தாள், ஆனால் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன குறை வைத்தேன்? வீடும் வளவும் மகள் பேரில் எழுதியாகிவிட்டது, புது அறை, அதோடு சேர்த்துக் குளியலறை, வளவில் ஒரு துரும்பு மரத்தூள் இல்லை. என் மேசையையே உடைத்துக் கொடுத்தேனே. கேட்டே விடுவது என்று மருதமுனைக்குக் கிளம்பினேன்.

அவருடைய உம்மாவின் வீட்டு வாசல் எங்களுடையதிலும் ஒடுக்கம். அதற்குள் கவிழ்த்த வாளி ஒன்றும் கைபிடி உடைந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றும் வைத்து, இரண்டுக்கும் குறுக்கே ஒரு படகு எஞ்சினைச் சாய்த்து, முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு மருமகன் குந்தியிருந்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், எழும்பினால் எஞ்சின் விழுந்துவிடும், அதனால் பாதியில் நின்றார்.

"இது என்ன வேல, மருமகன்?"

"துறையில முடியாத எஞ்சின கொண்டுவந்து செய்ற மாமா. கலியாணத்துக்கு முந்தியும் இஞ்சதான் செஞ்ச."

"அதுக்கு ஊட்டுல இடமில்லையா? வளவு அவ்வளவும் வெறுமையாத்தானே கிடக்கு?"

அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்களே பின்னேரமானா எல்லாத்தையும் மடக்கி வெச்சிடுறீங்க மாமா. மண்ணையும் கூட்டி விடுறீங்க. இந்த ஊட்டுல ஆம்புளைகள்ட வேலச் சாமான் கண்ணுல படக்கூடா போல எண்டு நெனச்சன். நீங்களே அப்படி எண்டா, நேத்து வந்த நான் எப்படி எண்ணெயச் சிந்துற?"

வெட்கமாக இருந்தது. அதைவிட, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதிரை நுனியில் அவர் ஏன் இருந்தார் என்று அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது. நானும் இந்த வீட்டுக்கு வந்த புதுசில் அப்படித்தான் இருந்தேன். மேசையின் காலைச் சீமெந்தில் புதைக்க எனக்கு எத்தனையோ வருஷம் எடுத்தது.

"ஓட்டோ ஒண்டக் கூப்பிடுங்க," என்றேன். "எஞ்சின் ஊட்ட போகட்டும்."

அவர் தயங்கினார். உள்ளேயிருந்து அவருடைய உம்மா, "மாமா சொல்றார்தானே, போங்க மகன்" என்றார். அந்தக் குரலில் எவ்வளவு நிம்மதி.

வீட்டுக்கு வந்து குதிரைகளை நான்தான் விரித்தேன். தடித்த முதிரைச் சட்டம் ஒன்றை விளிம்பில் நிற்கும்படி இரண்டு குதிரைக்கும் குறுக்கே போட்டு இறுக்கினேன். படகின் பின்பலகையில் மாட்டுகிற மாதிரியே மருமகன் எஞ்சினை அதில் மாட்டித் திருகினார். குதிரையின் கால் மணலில் ஒரு விரல் அமர்ந்து நின்றது. அவர் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். முழங்கால் இரண்டும் நிமிர நின்று வேலை செய்தார். கழற்றிய நட்டுகளை வைக்க மகள் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பெருக்கிய மணலில் விழுந்தது. நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்தக் கறுப்புப் பொட்டுகளையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. பழக்கத்தில் என் கை குதிரையின் பூட்டுக்குப் போனது. "எஞ்சின இறக்குங்க மருமகன், நான் மடக்கிறன்," என்றேன்.

"நிக்கட்டும் வாப்பா," என்றாள் மகள். "நாளைக்கி மறுகாத் தூக்கி மாட்டணும்தானே. இது என்ட வளவு, நான் சொல்றன்."

"ஒங்கட உம்மா என்ன சொல்லுவா?"

மனைவி வாசல்படியில் நின்றாள். "நான் மேசையத்தான் எடுக்கச் சொன்ன," என்றாள். "ஒங்கள எடுக்கச் சொல்லல்லையே."

இவ்வளவு நாளும் பின்னேரத்தில் நான் எதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. கண் கலங்கியது, காற்றில் மண் விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன். பூட்டிலிருந்து கையை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு மருமகனோடு பள்ளிக்குப் போனேன்.